போர்டுக்கும் ஒரு பொட்டு

“மேடம், அதுக்குமா சந்தனம் வச்சீங்க?”

கிளமெண்ட் மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் பார்த்த அதிர்ச்சியில் அவன் தோளிலிருந்த வாழைக்கன்று சாய்ந்து, வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது.

“பின்ன? அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறதாம்?” என்றார் முதலாளியின் மனைவி ஸ்ரீலட்சுமி, விரலில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்துக்கொண்டே. “நம்ம கம்பெனியக் காப்பாத்தப் போறதே அதுதான்னு நீங்கதானே தம்பி வாய் ஓயாம சொன்னீங்க?”

சொன்னது உண்மைதான். கிளமெண்ட் குனிந்து, விழுந்த வாழைக்கன்றைத் தூக்கினான்.

திருநகரில் நாகசுப்பிரமணியன் நடத்திவந்த நாகா ஆடியோஸ் கம்பெனியில் அன்று ஆயுத பூஜை. ஆம்ப்ளிஃபயர், ஸ்பானர், கம்ப்யூட்டர், மொபெட் சாவி, காபி ஃபில்டர் என்று கம்பெனியில் உழைக்கிற எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. உழைக்கிறவற்றில் பொட்டு இல்லாமல் நின்றது அங்கே ஒரே என்ஜினீயரான கிளமெண்ட் மட்டும்தான். அவன் கத்தோலிக்கன் என்பதால் ஸ்ரீலட்சுமி பெரிய மனசு பண்ணி விட்டுவைத்திருந்தார்.

வரிசைக்கு நடுவில், சாமி படத்துக்கு நேர் எதிரே, ஒரு வெற்றிலையின் மேல் அந்தப் போர்டு இருந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதில் மூன்று பித்தான்கள், இரண்டு குட்டி விளக்குகள், முதுகில் ஒரு சின்ன பேட்டரி. இதற்கு ஒரு ஜோடி உண்டு. அது கம்ப்யூட்டரின் பக்கத்தில் இருக்கும். ஜோடி பாட்டை வாங்கிக் காற்றில் அனுப்ப, இது காற்றிலிருந்து பிடித்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். நடுவில் வயர் கிடையாது. முதல் பித்தான் ஜோடியைத் தேடுவதற்கு. மற்ற இரண்டும் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். ஜோடி கிடைக்கிறவரை சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். கிடைத்துவிட்டால் அது அணைந்து பச்சை விளக்கு அமைதியாக எரியும். பெண் தேடுகிற பையன்களின் கதைதான்.

இதைப் பார்த்துப் பழகி, இதே போலச் சொந்தமாகச் செய்து விற்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மாதிரி போர்டு அது. இரண்டாயிரத்து நான்கில் மதுரைப் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். சந்தனம் வைத்துப் பார்த்தவர் ஸ்ரீலட்சுமி ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

பொட்டையாவது ஓரமாக வைத்திருக்கலாம். பித்தான்கள் வட்டமாக இருந்தது அவர் கண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பித்தானுக்கு ஒன்றாக, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். அதிலும் முதல் பித்தானை நன்றாக அழுத்தியிருந்தார் போல. அது உள்ளே போனது போனதுதான், சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவேயில்லை. போர்டு பாவம், யாரோ விடாமல் தேடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, சாமி முன்னால் சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

கிளமெண்ட் அதை எடுக்கக் குனிந்தான்.

“தொடாதீங்க!” என்று ஸ்ரீலட்சுமி கத்தினார். “பூசையில வச்சதை நாளைக்கு மறுபூசை முடியாம எடுக்கக் கூடாது.”

“இல்ல மேடம், பித்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு...”

“இருக்கட்டும். ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க வாழைக்கன்னக் கட்டுங்க.”

கிளமெண்ட் முதலாளியைப் பார்த்தான். நாகசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்தார். கணவனும் மனைவியும் தங்கள் சௌராஷ்டிர மொழியில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். கிளமெண்டுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது தெரிந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்ப்பா” என்றார் நாகசுப்பிரமணியன்.

நாளைக்குக் காலையில்தான் விருமாண்டி வருகிறார்.

சமயநல்லூரில் மைக்செட் வைத்திருக்கும் விருமாண்டி அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவையும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். புதுத் தொழில் பேசுவதென்றால் விஜயதசமியன்றுதான் பேசுவேன் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். அவர் பார்த்துச் சரி என்று ஆர்டர் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பொங்கலோடு மூடிவிடுவதாக நாகசுப்பிரமணியன் சொல்லிவிட்டார். சீனாவிலிருந்து வரும் மலிவு ஆம்ப்ளிஃபயர்களோடு மல்லுக்கட்டி அவர் ஓய்ந்துவிட்டார்.

கம்பெனியை மூடினால் கிளமெண்டுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. கிடைத்துவிடும் என்பதுதான் பயமே. பசுமலையில் அவன் மாமியார் தங்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அங்கே லேப் அசிஸ்டென்ட் வேலை காலியாக இருந்தது. வேறு யாருக்கும் போய்விடாமல் மாமியார் அந்த நாற்காலியைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார். வீட்டில் மாமியார், பள்ளியிலும் மாமியார் என்று ஒரு வாழ்க்கையை நினைத்தாலே கிளமெண்டுக்கு வியர்த்தது.

அன்று மாலைவரை அக்கம்பக்கத்தார் சுண்டல் வாங்க வந்து போனார்கள். எல்லாரும் போர்டைப் பார்த்து அதிசயித்தார்கள்.

“இங்க பாருங்க, சாமிக்கு முன்னால எம்புட்டு அழகா கண்ணடிக்குது!” என்று ஸ்ரீலட்சுமி ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

கிளமெண்ட் சுண்டலை மென்றுகொண்டே அந்தச் சிவப்பைப் பார்த்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி ஆன்மேரி சொன்னாள். “அம்மா போன் பண்ணாங்க.”

“அந்த எடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கலையாமா?”

“எப்படிங்க கரெக்டா சொல்றீங்க?”

கிளமெண்ட் சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டான்.

விஜயதசமியன்று மறுபூஜை முடிந்து, கற்பூரம் அணைந்த அந்த நொடியில் கிளமெண்ட் போர்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடினான். விருமாண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சந்தனம்தானே, துடைத்தால் போகிறது என்று நினைத்தான். அந்த நினைப்பில்தான் ஈரத்துணியை எடுத்தான்.

ஈரம் பட்டதும் சந்தனம் குழைந்து, பித்தானைச் சுற்றியிருந்த சந்து வழியாக இன்னும் உள்ளே இறங்கிவிட்டது.

சரி, ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கலாம் என்று பஞ்சை எடுத்தான். சந்தனம் அசையவில்லை. குங்குமம்தான் கரைந்தது. கரைந்தது சும்மா இல்லாமல் போர்டு முழுக்கப் பரவி, அவன் விரல்களுக்கு ஏறி, அவன் அவசரத்தில் துடைத்துக்கொண்ட வெள்ளைச் சட்டைக்கும் வந்துவிட்டது.

பல் குத்தும் குச்சியால் நெம்பினான். குச்சியின் முனை முறிந்து, பித்தானுக்குத் துணையாக உள்ளேயே தங்கிவிட்டது.

கிளமெண்ட் மாடிக்கு ஓடினான். முதலாளியின் வீடு மாடியில்தான் இருந்தது.

“மேடம், தலை காய வைக்கிற டிரையர் இருக்கா?”

“ஏன் தம்பி, தலைக்குக் குளிச்சீங்களா?” என்று கேட்ட ஸ்ரீலட்சுமியின் பார்வை அவன் சட்டைக்கு இறங்கியது. “அய்யய்யோ, என்ன ரத்தம்?”

“குங்குமம் மேடம்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பக்தியை அவர் கிளமெண்டிடம் எதிர்பார்க்கவில்லை. டிரையரோடு ஒரு லட்டும் கொடுத்தனுப்பினார்.

டிரையர் அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியது. முதல் பித்தான் இப்போது கடப்பாரைக்குக்கூட அசையாத நிலையில், உள்ளே போன மேனிக்கு உட்கார்ந்துவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் சளைக்காமல் கண்ணடித்தது. அது தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறது என்று கிளமெண்டுக்குத் தோன்றியது.

“என்ன கிளமெண்ட், எல்லாம் ரெடியா?”

பின்னால் நாகசுப்பிரமணியன் நின்றார். புது வேட்டி கட்டியிருந்தார். முகத்தில் ஷேவிங் முடிந்த பளபளப்பு. நல்ல நாளில் நல்லது நடக்கும் என்று நம்புகிற மனிதனின் முகம். அதைப் பார்த்துக்கொண்டு ‘உங்கள் சம்சாரம் பொட்டு வைத்ததில் போர்டு போய்விட்டது’ என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்?

“ரெடி சார்” என்றான் கிளமெண்ட்.

அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். போன பிறகுதான் கிளமெண்டுக்குத் தான் சொன்னது என்ன என்பதே உறைத்தது. சொல்லியாகிவிட்டது. இனிமேல் ரெடியாக்கித்தான் ஆகவேண்டும்.

வயர் இல்லாமல் பாட்டு வராது என்பது தெரிந்துவிட்டது. வயரோடு வரும் அல்லவா?

சுற்றுமுற்றும் பார்த்தான். ஹாலின் ஒரு கோடியில் கம்ப்யூட்டர். மறு கோடியில் ஸ்பீக்கர். நடுவில் விருந்தாளிக்காக விரித்த கனத்த ஜமுக்காளம். கம்ப்யூட்டரில் பாட்டு வெளியே வரும் துளையில் ஓர் இரட்டைப் பின்னைச் செருகினான். அதில் ஒரு கிளை போர்டின் ஜோடிக்குப் போனது, பார்வைக்கு. இன்னொரு கிளையில் நீளமான கறுப்பு வயரை மாட்டி, ஜமுக்காளத்துக்கு அடியில் ஓட்டி, ஸ்பீக்கரின் முதுகிலிருந்த இன்னொரு துளையில் சொருகினான். நாதஸ்வரத்தைப் போட்டான். வயர் இல்லாத பாட்டு, வயர் வழியாக அருமையாகக் கேட்டது.

வாழ்க்கையில் பரீட்சையில்கூட எட்டிப் பார்த்து எழுதாதவன் கிளமெண்ட். மனசு அடித்துக்கொண்டது. ‘இன்னைக்கு ஒரு நாள்தான், ஆர்டர் கிடைச்சதும் புதுப் போர்டு வரவழைச்சு நிஜமாவே செஞ்சு குடுத்துருவேன்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இனி இருந்தது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். ஜோடி கிடைத்துவிட்டது என்று வாய் சொல்லும்போது, கிடைக்கவில்லை என்று விளக்கு சொன்னால் விருமாண்டி சும்மா இருப்பாரா? போர்டை ஸ்பீக்கரின் தலையில் வைத்து, அதன் வயரை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றான். அப்போது டிரையரை வாங்கிப்போக ஸ்ரீலட்சுமி வந்தார். போர்டைப் பார்த்தார்.

“பொட்டை அழிச்சிட்டீங்களா! நல்ல நாளும் அதுவுமா!”

கிளமெண்டுக்கு வழி பிறந்துவிட்டது. “தப்புத்தான் மேடம். நீங்களே திரும்ப ஒரு தடவை வச்சிருங்களேன்.”

அவர் கிண்ணத்தோடு வந்தார். பித்தான்களுக்கு வைத்தார்.

“லைட்டுக்கும் வைங்க மேடம்.”

“லைட்டுக்குமா?”

“ரெண்டுக்கும். நல்லா கெட்டியா வைங்க. வெளிச்சம் தெரியக் கூடாது... இல்ல, கண்ணு பட்டுறக் கூடாது.”

ஸ்ரீலட்சுமி பன்னீரைத் தாராளமாக விட்டுக் குழைத்து, போர்டுக்கு ஒரு சந்தனக் காப்பே செய்துவிட்டார். கிளமெண்டை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். அடுத்த வருஷம் இவனுக்கும் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்று தீர்மானித்திருப்பார்.

கிளமெண்ட் பின்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான். குங்குமம் போகிற பாடாக இல்லை. சட்டையை மாற்ற வழியில்லாமல், ஸ்டோர் ரூமில் கிடந்த கம்பெனியின் நீலக் கோட்டை மேலே மாட்டிக்கொண்டு வந்தபோது ஹால் பளிச்சென்றிருந்தது. உதிர்ந்த பூ, சுண்டல், கற்பூரச் சாம்பல் ஒன்றும் இல்லை. துப்புரவு வேலை செய்யும் ஒச்சாயி விளக்குமாற்றோடு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். ஜமுக்காளம் சுருக்கமில்லாமல் விரிந்திருந்தது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

விருமாண்டி உள்ளே வந்ததும் ஹால் சின்னதாகிவிட்டது. அப்படி ஒரு உருவம், அதற்கேற்ற மீசை, அதற்கேற்ற குரல். மைக் இல்லாமலேயே ஊருக்குக் கேட்கிற தொண்டைக்காரர் எதற்கு மைக்செட் தொழிலுக்கு வந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

“வயரே இல்லாம பாட்டு வரும்னு சொல்றீக. எனக்கு நம்பிக்கை வரலை” என்று உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்தார். “ஆனா வந்துட்டா என்னைவிடச் சந்தோசப்படுறவன் கெடையாது. இந்த வயரைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு அம்புட்டும் சொன்னா விடிஞ்சிரும். போன திருவிழாவுல கெடா வெட்டுக்குக் கட்டியிருந்த ஆடு வயரைக் கடிச்சிருச்சு. சாமியாடி அருள் வந்து ஆடிக்கிட்டு இருக்காரு, மேளம் கேக்கலை. பாதி ஆட்டத்துல நின்னு, ‘எவன்டா செட்டுக்காரன்’னு சாமியே கேக்குது!”

“இனிமே அந்தக் கவலை இல்லண்ணே” என்றார் நாகசுப்பிரமணியன். “எங்க கிளமெண்ட் காட்டுவாரு.”

விருமாண்டி போர்டின் அருகே போனார். சந்தனக் காப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. செருப்பை வாசலில்தான் விட்டு வந்திருக்கிறோமா என்று ஒருமுறை காலைப் பார்த்துக்கொண்டார்.

“தொழிலை மதிக்கிறவுக நீங்க. இதுதாங்க வேணும்.” வாழைப்பழம் போலக் கனத்த கட்டைவிரலைப் பயபக்தியோடு முதல் பித்தானின் மேல் வைத்து அழுத்தி, ஒரு திருகு திருகி, சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்து அள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

போச்சு, மிச்சமிருந்ததும் உடைந்தது என்று கிளமெண்ட் நினைத்தான். உடைந்தால் என்ன, அது எப்படியும் வேலை செய்யப்போவதில்லை. கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்து, கையை மௌஸின் மேல் வைத்துக்கொண்டு, மாதாவை வேண்டிக்கொண்டு பாட்டைத் தட்டினான்.

நாதஸ்வரம் கணீரென்று கிளம்பியது.

விருமாண்டி அசைவற்று நின்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தார். வயர் இருக்கவேண்டிய காற்றில் கையை நீட்டித் துழாவினார். அப்படியே ஜமுக்காளத்தின் மேல் நடக்க ஆரம்பித்தார். நடுவில் வந்து நின்று, பாதத்தால் தாளம் போட்டார்.

கிளமெண்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். வயர் சரியாக அந்தப் பாதத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. ஆனால் விருமாண்டிக்கு ஒன்றும் தட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. நல்லவேளை, கனத்த ஜமுக்காளமாகப் பார்த்து வாங்கினார்கள்.

“இந்தப் பித்தான் எதுக்கு?” விருமாண்டி திரும்பப் போர்டுக்கு வந்துவிட்டார்.

“நடுவுல இருக்கிறது சத்தத்தைக் கூட்ட. கடைசி கொறைக்க” என்றார் நாகசுப்பிரமணியன்.

இதைக் கிளமெண்ட் எதிர்பார்த்துத்தான் மௌஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் அழுத்துகிறபோது இவன் கம்ப்யூட்டரில் சத்தத்தை மாற்றவேண்டும். விருமாண்டியின் கட்டைவிரல் கடைசிப் பித்தானுக்குப் போனது. கிளமெண்ட் ஒரு படி குறைத்தான். சத்தம் அவன் குறைத்ததைவிட அதிகமாகவே இறங்கியது.

“ஒரு தட்டுக்கு எம்புட்டு எறங்குது!” என்று விருமாண்டி வியந்தார்.

அடுத்து அவர் கூட்டினார், இவனும் கூட்டினான். நாதஸ்வரம் கூரையைத் தூக்கியது. வாசலில் ஒச்சாயி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். மாடியிலிருந்து ஸ்ரீலட்சுமி இறங்கி வந்துவிட்டார். விருமாண்டிக்கோ குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த குஷி. கூட்டினார், குறைத்தார், ரெண்டு தட்டுத் தட்டினார், அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிளமெண்ட் அவர் விரலையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்துக் கண் பூத்துப்போனான். ஒருமுறை நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்கக் கையை எடுத்த நேரம் பார்த்து அவர் கடைசிப் பித்தானை அழுத்திவிட்டார். சத்தம் அடங்கியது. பயத்தில் கை தானாகவே வேலை செய்கிறது போலிருக்கிறது என்று கிளமெண்ட் நினைத்துக்கொண்டான்.

“போதும்!” என்று விருமாண்டி கையைத் தூக்கினார். “இதுக்கு மேல என்னய்யா பாக்கணும்? தை மாசம் எங்க கோயில் திருவிழா. அம்புட்டு ஸ்பீக்கருக்கும் இதை மாட்டிக் குடுத்துருங்க. வேற எவன்கிட்டயும் போகமாட்டேன். இது விருமாண்டி வாக்கு.”

நாகசுப்பிரமணியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீலட்சுமி லட்டுத் தட்டோடு வந்து, முதல் லட்டைக் கிளமெண்டுக்குத்தான் நீட்டினார்.

“நீங்கதான் தம்பி எங்களைக் காப்பாத்துனீங்க.”

கிளமெண்ட் லட்டை வாயில் போட்டான். அது மண்ணாக இருந்தது. பசுமலை நாற்காலி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அதற்காகச் சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பெரிய மனிதரின் வெள்ளந்தியான சிரிப்பைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. எப்படியாவது தைக்குள் நிஜப் போர்டைச் செய்துவிட்டால் இந்தப் பாவம் போய்விடும் என்று மறுபடியும் மனசைத் தேற்றினான். முக்கால்வாசி தேறியும்விட்டது.

அந்த நேரத்தில்தான் விருமாண்டி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார்.

“டேய் சங்கிலி! குடோன்ல கெடக்குற வயரு மூட்டை அம்புட்டையும் வண்டியில ஏத்து. ஆமா, எல்லாத்தையும்! பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வா. இனிமே நம்ம செட்டுல வயரே கெடையாது. நல்ல நாளா இருக்கு, இப்பவே கெளம்பு!”

கிளமெண்டின் வாயிலிருந்த லட்டு வெளியே வந்துவிட்டது.

“வேணாம்ணே! நிறுத்தச் சொல்லுங்க!”

எல்லாரும் திரும்பினார்கள்.

“வயரைப் போட்டுறாதீங்கண்ணே. அது... இப்ப நீங்க கேட்டது வயர்ல வந்த பாட்டுண்ணே.”

செல்போனில் சங்கிலி மட்டும் “அண்ணே? அண்ணே?” என்று கத்திக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி சொல்ற?” விருமாண்டியின் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

“போர்டு வேலை செய்யலைண்ணே. பித்தான்ல சந்தனம் பூந்துக்கிச்சு. துடைச்சேன், போகலை. ஸ்பிரிட் போட்டேன், சுட வச்சேன், எல்லாம் மோசமாத்தான் போச்சு. அதான் ஜமுக்காளத்துக்கு அடியில வயரை ஓட்டி, நீங்க பித்தானை அழுத்துறப்பல்லாம் நான் இங்கேருந்து சத்தத்தை மாத்துனேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. தப்பு என்னுதுதான்.”

நாகசுப்பிரமணியன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீலட்சுமி தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். கிளமெண்டுக்குப் புரியவில்லை, புரியாமல் போனதே நல்லது என்று மட்டும் புரிந்தது.

ஆனால் ஆச்சரியம், அவனுக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று விலகி, மூச்சு தாராளமாக வந்தது. வேலை போகட்டும். மாமியாருக்குக் கீழே வேலை பார்த்தால் உயிரா போய்விடும்? திங்கள்கிழமையே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் லேசாகப் பசிகூட எடுத்தது.

விருமாண்டி மீசையை ஒருமுறை தடவினார். பிறகு நடுஹாலுக்கு வந்து, குனிந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துச் சுருட்டினார். அடியில் கழுவிவிட்டதுபோல வெறும் தரைதான் இருந்தது. அவர் கிளமெண்டைப் பார்த்தார். கிளமெண்ட் தரையைப் பார்த்தான். நாகசுப்பிரமணியன் எழுந்துவந்து இரண்டையும் பார்த்தார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த ஒச்சாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“அந்தக் கறுப்பு வயரையா தேடுறீங்க? கூட்டையில வெளக்குமாத்துல சிக்குதுன்னு, அண்ணே வாரதுக்கு முன்னாடியே அதை உருவிச் சுருட்டி, கொல்லையில ஆணியில மாட்டிட்டேனே!”